மஞ்சள் டப்பாவை மூடு, பேராண்டி

ஓசூர் ரோட்டுல பள்ளம் இருக்குன்னு பெங்களூரு அடுகோடிக்கே தெரியும். இன்னைக்கு அந்தப் பள்ளத்துக்கும் உன் ஸ்கூட்டியைத் தெரிஞ்சுபோச்சு. முட்டி உரிஞ்சு வந்து நிக்கிறே, சரி. வந்ததும் வராததுமா கை எங்கடா போச்சு? அஞ்சறைப் பெட்டிக்கு! வை அதை. கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு, முட்டியைக் குழாய்க்கடியில நீட்டு.

பட்டிக்காட்டுக் கிழவனே மஞ்சள் வேணாங்கறானேன்னு முறைக்காதே. மஞ்சளுக்கு நான் எதிரி இல்ல. மஞ்சள் காயத்தை ஆத்தும்னு 1995-ல அமெரிக்காவுல மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்காரங்க காப்புரிமையே வாங்கிட்டாங்க. நம்ம நாட்டு அறிவியல் ஆராய்ச்சி மன்றம் சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஏட்டையெல்லாம் தூக்கிட்டுப் போய், இது எங்க பாட்டி வைத்தியம்யான்னு காட்டி, 1997-ல அதை ரத்து பண்ண வெச்சுது. ஜெயிச்சது பாட்டிதான். ஆனா உங்கம்மா டப்பாவுல இருக்கிற மஞ்சள் அந்த வழக்குல சாட்சிக்குப் போகல. அதுல ஈரக்கரண்டி போயிருக்கு, மொளகாப்பொடி சிந்தியிருக்கு, போன வாரம் ஒரு கரப்பானும் எட்டிப் பார்த்துச்சு. அதையா பச்சைக் காயத்துல அப்புவாங்க?

ஓடட்டும், ஓடட்டும், குழாயை அதுக்குள்ள மூடாதே. காவிரித் தண்ணிடா அது! 1990-ல நடுவர் மன்றம் போட்டு, 2018-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வர்ற வரைக்கும் கர்நாடகா, தமிழ்நாடு ரெண்டு சர்க்காரும் மல்லுக்கட்டின தண்ணி. உன் முட்டிக்கு அஞ்சு நிமிஷம் விட்டா எவனும் கேஸ் போடமாட்டான். சுத்தியிருக்கிற தோலுக்குச் சோப்பு போடு, காயத்துக்குள்ள வேணாம். அந்த ஓரத்துல ஒரு தார்க்கல்லு ஒட்டியிருக்கு பாரு. இடுக்கியைக் கழுவி, மெதுவா எடு. கத்தணும்னா கத்திக்கோ, கீழ்வீட்டுக்காரங்களுக்கும் பொழுது போகணும்ல.

டெட்டாலா? அதை அப்படியே ஊத்தினா வீரமா? எரியறது கிருமி மட்டும்னு எவன் சொன்னான், முளைக்கிற தோலும் சேர்ந்துதான் எரியும். தண்ணி கலக்கச் சொல்லி பாட்டில்லயே போட்டிருக்கான், கண்ணாடி இல்லாமலே நான் படிச்சேன்.

இன்னும் ரத்தம் கசியுதுன்னா சுத்தமான துணியை வெச்சுப் பத்து நிமிஷம் அழுத்து. நடுநடுவுல தூக்கித் தூக்கிப் பார்க்காதே, அது என்ன இட்லியா, வெந்துச்சான்னு பார்க்க? பத்து நிமிஷத்துக்கப்புறமும் நிக்கல, இல்ல காயம் வாய் பொளந்து கிடக்குன்னா தையல் கேஸு, கிளம்பிடு.

அப்புறம் காத்தாட விடறேன்னு காலை நீட்டி உக்காருவே. நானும் அப்படித்தான் நம்பினேன். 1962-ல ஜார்ஜ் விண்டர்னு ஒரு ஆளு பன்னிக்குட்டி முதுகுல காயம் போட்டுப் பார்த்திருக்கார். மூடி ஈரமா வெச்ச காயம், காயவிட்டதைவிடச் சுமார் ரெண்டு மடங்கு வேகமா தோல் மூடிச்சாம். வாஸ்லினைக் கொஞ்சம் தடவி பிளாஸ்திரி ஒட்டு, தினம் மாத்து. பொருக்கைப் பிய்க்கிற வேலை வெச்சுக்காதே.

எங்க காலத்துல என்ன பண்ணினோம்னு கேக்குறியா? சாணியை அப்பினோம். தனுர்வாதக் கிருமியோட வித்து குடியிருக்கிறதே மண்ணுலயும் சாணியிலயும்தான், பாவம், துருப்பிடிச்ச ஆணிக்குத்தான் கெட்ட பேரு. நான் பொழைச்சது சாணியால இல்ல, அதிர்ஷ்டம். நீ தனுர்வாதத்துக்கு டிடி ஊசி போட்டு அஞ்சு வருஷம் தாண்டிருச்சுன்னா இந்த ரோட்டு மண்ணுக் காயத்துக்கு மறுபடி ஒண்ணு போட்டுக்கணும். ரெண்டு நாள்ல செவந்து, வீங்கி, சீழ் வச்சா டாக்டர்கிட்ட காட்டு.

இதுவே தெருநாய் கீறினதா இருந்தா கதை வேற. சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணி, அன்னைக்கே ஆஸ்பத்திரி, தடுப்பூசி. கீறல் எத்துனூண்டா இருந்தாலும் சரி.

என்னடா பார்க்குறே? அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு. குழாயை மூடு, மாடிவீட்டுக்காரங்களுக்கும் தண்ணி ஏறணும்.