உள்ளங்கையில் ராஜா

2021 அக்டோபர். தென் கொரியாவின் பழமைவாதக் கட்சி அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க டி.வி.யில் விவாதம் நடத்திக்கொண்டிருந்தது. யூன் சுக் யோல் என்ற முன்னாள் தலைமை அரசு வழக்கறிஞர், பேச்சு வேகத்தில் கையைத் தூக்கினார். இடது உள்ளங்கையில் கறுப்பு மையில் மூன்று படுக்கைக் கோடுகள், நடுவே ஒரு நெட்டைக் கோடு. சீன எழுத்து. அதற்குப் பொருள் 'ராஜா'. பழைய ஒளிப்பதிவுகளைத் தேடிப் பார்த்தால், முந்தைய இரண்டு விவாதங்களிலும் அதே கை, அதே மை.

குடியரசுத் தலைவர் வேலைக்கு மனுப் போட வந்தவர், கையில் ராஜா என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். விண்ணப்பத்திலேயே எழுத்துப்பிழை.

பக்கத்து வீட்டுப் பாட்டிமார் ஆசையாய் எழுதிவிட்டார்கள் என்றார்கள் அவருடைய ஆட்கள். சரி, பாட்டிக்கு ஆசை இருக்கலாம். கை கழுவினால் போயிருக்குமே? நாடே நாளுக்குப் பத்துத் தடவை கிருமிநாசினி தேய்த்துக்கொண்டிருந்த கொரோனா காலம் அது. வானொலியில் இந்தக் கேள்வி வந்தபோது யூன் தரப்புப் பேச்சாளர் சொன்ன பதிலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம்: அவர் பெரும்பாலும் விரல்களைத்தான் கழுவுவார் போலிருக்கிறது.

அதே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யோய்டோ முழு நற்செய்தி சபையின் வாசலில் யூன். இப்போது கையில் பைபிள். 1958-ல் ஒரு கூடாரத்தில் தொடங்கி உலகின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்த இடம் அது; அங்கே போய்த் தலை காட்டாமல் கொரியாவில் யாரும் அதிபராக முடியாது. ஆள் அடிப்படையில் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். ராஜா எழுத்து மாந்திரீகம், பைபிள் புராட்டஸ்டன்ட், பெயர் கத்தோலிக்கம். எந்தச் சாமி ஓட்டுப் போடும் என்று தெரியாதபோது எல்லா உண்டியலிலும் ஒரு காசு.

ஜெயித்தார். வெறும் 0.73 விழுக்காடு வித்தியாசம்தான், ஆனாலும் ஜெயித்தார். ஜெயித்தவர் முதலில் செய்தது, அதிபர்கள் குடியிருந்த நீல மாளிகைக்குள் ஒரு ராத்திரிகூடத் தங்கமாட்டேன் என்று அடம் பிடித்தது. 'இடம்தான் நினைப்பை ஆள்கிறது' என்றார். மக்களுக்கு நெருக்கமாக இருக்க வேண்டுமாம். நெருங்கிப் போய் உட்கார்ந்த இடம் யோங்சானில் உள்ள பாதுகாப்பு அமைச்சகக் கட்டடம்! மக்களோடு பழக ராணுவ வளாகத்தைவிட வசதியான இடம் ஏது? அரசு சொன்ன கணக்குப்படி இந்தக் குடிபெயர்ப்புக்கு 4,960 கோடி வோன். அதிபர் குடியிருப்புக்காக முதலில் யோசித்த ராணுவத் தளபதி பங்களாவை மனையடி சாஸ்திரக்காரர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதைப் பின்னாளில் போலீஸ் விசாரணையே உறுதிசெய்தது. வாடகை வீட்டுக்குப் போகிறவர்களே வாசல் கிழக்கா மேற்கா என்று பார்க்கும்போது, ஒரு நாட்டையே குடிவைக்கிறவர் பார்க்கக்கூடாதா என்ன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு முடாங் மேல் கோபம் இல்லை. முடாங் என்றால் கொரியக் கிராமத்துச் சாமியாடி, பெரும்பாலும் பெண். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றாலும், செத்தவன் சொல்லாமல் போன சொல் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தாலும், அவள் வந்து பறை முழங்க ஆடிப் பாடி அழுது தீர்த்துவிட்டுப் போவாள். சமூகம் அவளிடம் குறி கேட்டது. பந்தியில் மட்டும் தள்ளி உட்காரவைத்தது. 1970-களில் பார்க் சுங் ஹீயின் சர்வாதிகார அரசு 'புதிய கிராம இயக்கம்' என்று கிளம்பியபோது முதல் அடி இவர்கள் மேல்தான் விழுந்தது. மூடநம்பிக்கை ஒழிப்பு என்று ஊர்க்காவல் சாமிகளின் கோயில்களை இடித்தார்கள், ஆட்டத்தை நிறுத்தினார்கள், மறைந்து ஆடியவர்களைப் போலீஸ் விரட்டியது.

அதே 70-கள். அதே சர்வாதிகாரியின் மாளிகை. 1974-ல் அவர் மனைவி சுட்டுக்கொல்லப்பட்டார். தாயை இழந்து நின்ற மகள் பார்க் கியூன் ஹேக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின: உன் அம்மா என் கனவில் வந்தார். எழுதியவர் சோய் டே மின்; சொந்தமாக ஒரு மதம் தொடங்கி நடத்திக்கொண்டிருந்தவர், பிறகு போதகர் என்ற பட்டத்தையும் சேர்த்துக்கொண்டவர். கிராமத்துக் கிழவியின் கனவில் வந்தால் மூடநம்பிக்கை. மாளிகைக்குத் தபாலில் வந்தால் ஆறுதல். படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்று நாம் சொல்வதை அங்கே அரசாங்கத் திட்டமாகவே நடத்தினார்கள்.

நாற்பது ஆண்டு கழித்து அந்த மகள் நாட்டின் அதிபர். சோய் டே மினின் மகள் சோய் சூன் சில், எந்தப் பதவியும் இல்லாமல், அதிபரின் உரைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 2016 அக்டோபரில் ஒரு டேப்லெட் சிக்கியது, நாடு கொதித்தது. நவம்பரில் பார்க் கியூன் ஹே டி.வி.யில் தோன்றி, நான் எந்தப் போலி மதத்திலும் விழவில்லை, நீல மாளிகையில் சாமியாட்டம் எதுவும் நடக்கவில்லை என்று மக்களுக்கு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. செமிகண்டக்டரும் கப்பலும் ஏற்றுமதி செய்கிற நாட்டின் தலைவர் சொன்னது இது. 2017 மார்ச் 10 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அவரை வீட்டுக்கு அனுப்பியது.

முடாங் என்றாலே முகம் சுளிக்கும் பெரிய சபைப் போதகர்கள் அப்படியென்ன உத்தமர்கள்? 2011 பிப்ரவரி. இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரங்களுக்கு மற்றப் பத்திரங்களைப் போலவே வரிச்சலுகை தரலாம் என்று ஒரு மசோதா வந்தது. யோய்டோ சபையை நிறுவிய சோ யோங் கி பகிரங்கமாக எச்சரித்தார்: இதைக் கொண்டுவந்தால் அதிபரை இறக்கும் இயக்கம் நடத்துவேன். மசோதா கிடப்பில் போனது. ஒரு வாரம் கழித்து, தேசியக் காலைச் சிற்றுண்டி ஜெபக் கூட்டத்தில், மேடையில் இருந்த போதகர் எல்லோரும் முழங்காலிடுங்கள் என்றதும், சோமாங் சபையின் மூப்பரும் நாட்டின் அதிபருமான லீ மியூங் பாக் மனைவியோடு தரையில் மண்டியிட்டார். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அவர் கடவுளுக்குத்தான் மண்டியிட்டார் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

சோ யோங் கி? தன் மகனிடமிருந்த பங்குகளைச் சபைக் காசில் கொள்ளை விலைக்கு வாங்கவைத்து, சபைக்கு 1,310 கோடி வோன் இழப்பு ஏற்படுத்தியதாக 2014-ல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. தண்டனை நிறுத்திவைப்பு. அதே ஆண்டு ஏப்ரலில் செவோல் கப்பல் கவிழ்ந்து 304 பேர் செத்தார்கள். அதில் 250 பேர் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மியோங்சங் என்ற இன்னொரு மாபெரும் சபையின் நிறுவனர் பிரசங்க மேடையில் கண்டுபிடித்துச் சொன்னார்: கடவுள் சும்மா மூழ்கடிக்கவில்லை, இந்தப் பூப்போன்ற பிள்ளைகளை மூழ்கடித்து நாட்டுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். பிள்ளையின் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாயிடம் சொல்கிற சொல்லா இது? ஊரார் பிள்ளைகளைக் கடவுளின் கணக்கில் எழுதிய இந்த மனிதர், 2017-ல் தன் சபையைத் தன் சொந்தப் பிள்ளையின் கணக்கில் எழுதிவைத்தார். அங்கே மட்டும் கடவுள் தலையிடவில்லை.

'சாரங்' என்றால் கொரிய மொழியில் அன்பு. 'ஜேயில்' என்றால் முதலாவது. சியோலில் 'சாரங் ஜேயில்' என்று ஒரு சபை இருக்கிறது. அன்பே முதல். அதன் போதகர் ஜியோன் குவாங் ஹூன், 2019-ல் தெருக்கூட்டம் ஒன்றில் கடவுளையே மிரட்டியவர்: கடவுளே, வாலாட்டினால் என் கையால் சாவாய். இதற்கும் ஆமென் சொல்ல ஆளிருந்தது. 2020 ஆகஸ்ட்டில் கொரோனா பரவியபோது இவர் கூட்டம் கூட்டினார். சபையோடு தொடர்புடைய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று, இவருக்கும்தான். குடியிருப்பு மறுசீரமைப்புக்காகச் சபை இடத்தைக் கேட்டார்கள். மதிப்பீடு 820 கோடி வோன். அன்பு கேட்டது 5,630 கோடி. நீதிமன்றங்களில் தோற்றது. காலிசெய்ய ஆள் வந்தபோது அன்பு பெட்ரோல் குண்டு வீசியது. கடைசியில் 2022-ல் வீட்டுக்காரர்கள் சங்கம் களைத்துப்போய் 5,000 கோடிக்குத் தலையாட்டியது. தோற்ற வழக்குக்கு இத்தனை கோடி வாங்கித்தரும் கடவுளை மிரட்டாமல் வேறு யாரை மிரட்டுவது?

இந்தக் கூத்தெல்லாம் நடக்கும் நாட்டில், 2015 கணக்கெடுப்பின்படி, 56 விழுக்காட்டினர் தமக்கு மதமே இல்லை என்கிறார்கள். ராத்திரி சியோலில் உயரத்தில் ஏறி நின்று பார்த்தால் சிவப்பு நியான் சிலுவைகள் பட்டாசு சிதறியதுபோலத் தெரியும். யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. ஆனால் டேகு நகரில் கியோங்புக் தேசியப் பல்கலைக்கழகத்தின் மேற்கு வாசல் பக்கம், பாகிஸ்தான், வங்கதேசம் என்று வந்து படிக்கும் மாணவர்கள் ஏற்கெனவே தொழுதுவந்த வீட்டை இடித்துவிட்டுச் சின்னதாய் ஒரு மசூதி கட்டக் கிளம்பினார்கள். 2020 டிசம்பரில் முறையான அனுமதியோடு வேலை தொடங்கியது. இரண்டே மாதத்தில் மனு வந்தது என்று வட்ட அலுவலகம் வேலையை நிறுத்தியது. மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள், ஜெயித்தார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் கட்டலாம் என்றது.

அடுத்த மாதம் கட்டடத்தின் எதிரே ஒரு பன்றித் தலை வந்து உட்கார்ந்தது. வெட்டிய தலை, மூடிய கண், தெருவில் நாற்காலி போட்டு. பிறகு இன்னொன்று. டிசம்பரில் முழுப் பன்றியை வாட்டி விருந்து வைத்தார்கள், தொழுகைக்குப் போகிறவன் அந்தப் புகைக்குள் புகுந்து போகட்டும் என்று. சந்து குறுகல், சத்தம் வரும், வீட்டு விலை இறங்கும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதில் ஒன்றிரண்டு நியாயம் இருக்கலாம். நியாயத்துக்கு எதற்குப் பன்றித் தலை? உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒரு பக்கம், அழுகும் தலை ஒரு பக்கம். அதிகாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு 'இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். இப்படிப்பட்டதைத் தடுக்கத்தான் பாகுபாட்டுத் தடைச் சட்டம் என்று ஒன்றை 2007-ல் அரசே அறிவித்தது. பெரிய சபைகள் கண்ணை உருட்டின. 2025 வரையிலான பதினெட்டு ஆண்டுகளில் எத்தனை மசோதா, எத்தனை ஆட்சி. சட்டம் மட்டும் வரவில்லை. இதில் முற்போக்குக் கட்சிக்கும் பழமைக் கட்சிக்கும் பேதமே கிடையாது. ஓட்டு என்ற ஒரே தெய்வத்தின் முன்னால் இரண்டும் ஒரே சபை.

திரும்ப ராஜாவிடம் வருவோம். ராணிக்கு, அதாவது யூனின் மனைவி கிம் கியோன் ஹீக்கு, 2022-ல் ஒரு போதகர் டியோர் கைப்பை கொண்டுபோய்க் கொடுத்தார். கைக்கடிகாரத்தில் ஒளித்த கேமராவோடு. அதைப் பற்றி 2024-ல் அரசுத் தொலைக்காட்சியில் அதிபரைப் பேட்டி கண்டவர், அந்தப் பையைச் 'சின்னப் பை' என்று நாசூக்காகக் குறிப்பிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவரே அந்தத் தொலைக்காட்சியின் தலைவர். ராணியை விசாரிக்கப் போன அரசு வழக்கறிஞர்கள் தங்கள் கைபேசிகளை ஒப்படைத்துவிட்டு உள்ளே போனார்கள்; வெளியே வந்து குற்றமில்லை என்றார்கள். பிறகுதான் பெரியது வந்தது: ஒருங்கிணைப்புச் சபை என்ற யூனிஃபிகேஷன் சர்ச், ஒரு குறிசொல்லி வழியாக ராணிக்குக் கொடுத்தனுப்பிய வைர நெக்லஸும் சனேல் பைகளும். நெக்லஸ் எங்கே என்று கேட்டதற்குக் குறிசொல்லி, தொலைந்துவிட்டது என்றார். ஊர் ஜனத்துக்குத் தொலைந்த பொருளைக் குறி பார்த்துச் சொல்கிறவர்! 2025 ஆகஸ்ட்டில் ராணி கைதானார், செப்டம்பரில் சபையின் தலைவி. அதன் பிறகு நெக்லஸும் தானாகக் கிடைத்தது.

அதற்கு முன்பே ராஜா கதை முடிந்திருந்தது. 2024 டிசம்பர் 1 அன்று ஆன்சான் நகரத்தில் ஒரு லோட்டேரியா பர்கர் கடையில் சிலர் கூடினார்கள். ராணுவ உளவுப்பிரிவின் தளபதி, அவருக்குக் கீழே அதிகாரிகள், எல்லோருக்கும் பாடம் எடுத்தவர் நோ சாங் வோன். முன்னாள் தளபதி, பெண் சிப்பாய் ஒருவரிடம் தவறாக நடந்துகொண்டதற்காகப் பதவி போனவர். இப்போது அதே ஊரில் குறிசொல்லும் வீட்டில் ஜாகை. தேர்தல் ஆணையத்தை எப்படிப் பிடிப்பது என்பதுதான் பாடம். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 3 ராத்திரி பத்தரை மணிக்கு அதிபர் ராணுவச் சட்டம் அறிவித்தார். எம்.பி.க்கள் மதில் ஏறிக் குதித்து உள்ளே போனார்கள், 190 பேர் கூடி அதை ரத்துசெய்தார்கள். விடிவதற்குள் முடிசூட்டு விழா முடிந்துவிட்டது.

கைதாணை வந்த பிறகும் ஜனவரியில் ராஜா ஹன்னம் டோங் அதிபர் குடியிருப்புக்குள் பதுங்கிக்கொண்டார். வெளியே ஜெபப் பாட்டும் அமெரிக்கக் கொடியுமாக ஒரு கூட்டம், அவரைக் கைதுசெய்யக்கூடாது என்று. ஜனவரி 19 விடியற்காலையில், கைதாணை தந்த சியோல் மேற்கு மாவட்ட நீதிமன்றத்தின் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு புகுந்து நீதிபதியைத் தேடியவர்களும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான்; கைதானவர்களில் அன்பே முதல் சபையின் பிரசங்கி உண்டு.

ஹன்னம் டோங்கில் எதிர்ப்பக்கம், அவரைக் கைதுசெய்யச் சொல்லி இன்னொரு கூட்டம் இருந்தது. பெரும்பாலும் இளம்பெண்கள். மெழுகுவர்த்திக்குப் பதில் தங்களுக்குப் பிடித்த பாப் குழுவின் ஒளிக்குச்சி. இரவு முழுக்கப் பனி கொட்டியது. வெள்ளித்தாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு தலையில் பனி குவிய அப்படியே ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சாலையோரத்தில் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் ஒன்று இருக்கிறது. துறவிகள் கதவைத் திறந்துவிட்டார்கள். பிரசங்கம் எதுவும் இல்லை. ஒரு குருவானவர் யாரிடமோ ஒளிக்குச்சி வாங்கித் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு, குளிரில் நடுங்குகிற பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக உள்ளே அழைத்துப்போனார். கழிப்பறை அந்தப் பக்கம்.