மூக்கு போட்ட சட்டம்

1858 ஜூன் மாதம் லண்டனில் வெயில் மண்டையைப் பிளந்தது. சாதாரணமாக வெயிலைக் கண்டால் குதூகலிக்கும் லண்டன்வாசிகள் அந்த வருஷம் மட்டும் மழைக்கு ஏங்கினார்கள். ஊரில் இருபது லட்சத்துக்கும் மேல் ஜனம். அத்தனை பேருடைய காலைக்கடனும் தேம்ஸ் நதியில் வெந்துகொண்டிருந்தது.

இதற்கெல்லாம் காரணம் நாகரிகம். முன்பு வீட்டுக்கு அடியில் ஒரு மலக்குழி இருக்கும். ராத்திரியில் ஆள் வந்து அள்ளிக்கொண்டு போய் வயலுக்கு எருவாக விற்பான். 1851இல் ஹைட் பார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற பிளம்பர், தண்ணீர் அடித்துக் கழுவும் கக்கூஸை வைத்தார். ஒரு பென்னி கொடுத்து உள்ளே போய் வந்தவர்கள் 8,27,280 பேர். நம் கோஹினூர் வைரத்தையும் அதே கண்காட்சியில்தான் வைத்திருந்தார்கள். அது சரியாக ஜொலிக்கவில்லை என்று பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். கக்கூஸ் யாரையும் ஏமாற்றவில்லை.

வசதி உள்ளவர்கள் ஆளுக்கொன்று வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். இழுத்துவிட்டால் போய்விடுகிறது, அப்புறம் என்ன? மழைத்தண்ணீருக்காகக் கட்டிய சாக்கடை வழியாக எல்லாம் நேரே ஆற்றுக்குப் போனது. அதே ஆற்றில் தண்ணீர் கம்பெனிகள் மொண்டு குழாயில் அனுப்பின. விட்ட குறை தொட்ட குறை என்பார்களே, அது வீடு தேடி வந்தது.

கூடவே வாந்திபேதியும் வந்தது. நாற்றம்தான் நோய் என்று அன்றைய பெரிய தலைகள் சத்தியம் செய்தன. வீட்டில் நாறாவிட்டால் போதும், எல்லாவற்றையும் ஆற்றில் தள்ளு என்றார் சுகாதாரச் சீர்திருத்தத்தின் பிதாமகர் எட்வின் சாட்விக். தள்ளினார்கள். 1849 காலராவில் லண்டனில் சுமார் 14,000 பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஜான் ஸ்னோ என்ற டாக்டர் மட்டும், மூக்கை விடுங்கள், வாயைப் பாருங்கள் என்றார். 1854இல் பிராட் தெருவைச் சுற்றிச் சாவு விழுந்தபோது வீடு வீடாக விசாரித்துக் கணக்கெடுத்தார். எல்லாம் ஒரே அடிபம்பில் வந்து நின்றது. பக்கத்திலேயே இருந்த பீர் ஆலையில் ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்கள் தண்ணீரையே தொடுவதில்லை. வேலைக்கு நடுவே பீர் இலவசம். (மதுவிலக்குப் பிரசாரகர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். நோய் அடங்கியதும் பத்திரமாகத் திரும்ப மாட்டிவிட்டார்கள்.

1858க்கு வருவோம். பார்லிமென்ட் கட்டடம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஜன்னல் திரைகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கித் தொங்கவிட்டார்கள். இப்போது நாற்றத்தோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்து அடித்தது. காற்றோட்டத்துக்குப் பொறுப்பான கோல்ட்ஸ்வொர்தி கர்னி, உறுப்பினர்களின் உடம்புக்கு இனி நான் ஜவாப்தாரி இல்லை என்று சபாநாயகரிடம் கைவிரித்துவிட்டார். ஒருநாள் கமிட்டி அறைக் கதவு படாரென்று திறந்தது. நிதியமைச்சர் டிஸ்ரேலி ஒரு கையில் காகிதக் கட்டும், மறுகையில் மூக்கைப் பொத்திய கைக்குட்டையுமாகக் குனிந்தபடி ஓட்டமெடுத்தார். சாம்ராஜ்யத்தின் கஜானாச் சாவி வைத்திருந்தவருக்கு நல்ல மூச்சுக்கு வழியில்லை.

வேலையை முடிக்க ஆள் இல்லாமல் இல்லை. பொறியாளர் ஜோசப் பாஸல்ஜெட் சாக்கடைத் திட்டத்தை இரண்டு வருஷத்துக்கு முன்பே போட்டு வைத்திருந்தார். கழிவை எங்கே கொண்டுபோய் விடுவது, பணத்தை யார் தருவது என்று அதைப் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். 14,000 பிணங்களுக்கு அசையாத சபை பதினெட்டே நாளில் சட்டம் போட்டது. ஜூலை 15இல் டிஸ்ரேலியே மசோதாவைக் கொண்டுவந்தார், ஆகஸ்ட் 2இல் நிறைவேறியது. 30 லட்சம் பவுன் கடனுக்கு அனுமதி. 82 மைல் பெருஞ்சாக்கடை, 31 கோடியே 80 லட்சம் செங்கல். நாற்றத்தை விரட்டக் கட்டியது காலராவையும் விரட்டியது. தப்பான கணக்குக்குச் சரியான விடை.

அந்த நாற்றத்தின் உச்சத்திலேயே, ஜூன் 16இல், ஸ்னோ இறந்துபோனார். லான்செட் பத்திரிகை இரண்டே வாக்கியத்தில் இரங்கல் போட்டது. மயக்கமருந்து ஆராய்ச்சியைப் பற்றி ஒரு பாராட்டு. காலரா என்ற சொல்லே இல்லை.

1866இல் காலரா மறுபடி வந்தது, பெரும்பாலும் புதுச் சாக்கடை இன்னும் எட்டாத கிழக்கு லண்டனுக்கு. புள்ளிவிவரப் புலி வில்லியம் ஃபார் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். ஸ்னோ சொன்னது எடுபடாது என்று முன்பு தீர்ப்பளித்த நிபுணர் குழுவில் அவரும் ஓர் அங்கத்தினர். இப்போது, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று அவரே நோட்டீஸ் போட்டார்.