மூலவர் இல்லாத வாகனங்கள்

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்போருக்கு முதலில் துப்பாக்கி அகப்பட்டு, அப்புறம் அதற்குரிய அசல் உபகரணங்களைத் தேடி அலையும் பாக்கியம் வாய்க்கிறது. எனக்கோ, 1895-இல் பிரிட்டிஷ் ராணுவத்தில் பிரவேசித்து, வங்காளத்து ஈசாப்பூர்த் தொழிற்சாலையிலும் உற்பத்தியாகி, நம் போலீஸ்காரர்களின் தோளில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்ற நாமதேயத்துடன் நெடுங்காலம் பவனி வந்த லீ-என்ஃபீல்டின் மீதே மோகம் பிறந்தது. அந்த ரகத்தைச் சாமானியர் வைத்துக்கொள்ளலாகாது என்று நம் சட்டம் விலக்கியிருப்பதால், மூலவர் இல்லாத கோயிலுக்கு வாகனங்கள் சேர்க்கும் தர்மகர்த்தாவின் கதி நேர்ந்தது.

முதல் வாகனம் மூர் மார்க்கெட்டில், அது தீக்கிரையாவதற்குச் சில வருஷங்களுக்கு முன் கிடைத்தது: நடுவிரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குப்பி. மூடியைத் திருகினால் ஒரு தோல் வளையமும், எண்ணெயைத் துளித்துளியாய் எடுக்க மெல்லிய கரண்டியும் உண்டு. அத்தர் குப்பி என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். துப்பாக்கிக் கட்டையின் அடிப்புறத்துப் பொந்தில் சிப்பாய் ஒளித்து வைக்கும் எண்ணெய்க் குப்பி அது என்பதை அறிந்த நான், அத்தருக்குரிய விலையையே கொடுத்துவிட்டு, அவரை ஏமாற்றிவிட்ட பெருமிதத்தோடு வீடு திரும்பினேன். இரண்டாம் யுத்தத்தில் இதையே பிளாஸ்டிக்கிலும் செய்தார்கள். இல்லாத துப்பாக்கிக்கானாலும் பிளாஸ்டிக்கை வாங்க என் மனசாட்சி இடம் தரவில்லை.

அடுத்தது ‘புல்த்ரூ’. ஒரு முனையில் பித்தளைக் குண்டும் மறுமுனையில் கண்ணிகளும் உள்ள கயிறு. குண்டைக் குழலுக்குள் இறக்கி, 4 அங்குலத்துக்கு 2 அங்குல ஃபிளானல் துண்டைக் கண்ணியில் கோத்து இழுத்தால் உட்புறம் சுத்தமாகும். குழலுக்கு எங்கே போவது? ஸ்நான அறைத் தண்ணீர்க் குழாயில் ஒத்திகை பார்த்தேன். குண்டு வளைவில் சிக்கிக்கொண்டது. அதை மீட்ட பிளம்பருக்கு நான் அழுத கூலி, கயிற்றின் விலையைவிட அதிகம்.

பயனெட்டின் கத்தி மட்டுமே 17 அங்குலம். அதை வீட்டில் வைத்துக்கொள்ளத் தைரியமில்லாமல், உறையை மட்டும் வாங்கி மாட்டினேன். வரும் உறவினர்கள் உறையைப் பார்த்துவிட்டு, “கத்தி எங்கே?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள், இல்லை என்றால் ஒருவரும் நம்புவதில்லை.

சென்ற வாரம் அலமாரியில் குப்பியைக் காணோம். பதறித் தேடினால், தையல் மிஷினுக்குப் பக்கத்தில், வாய்வரை எண்ணெயுடன் சாய்ந்து கிடந்தது.

“ஏங்க, இவ்வளவு நல்ல சாமானை இத்தனை நாளா எதுக்குச் சும்மா பூட்டி வச்சிருந்தீங்க?” என்றாள் மனைவி.

கோபம் வந்தது வாஸ்தவம். ஆனாலும் குப்பியை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. தோல் வளையம் அசல்தான்.