வீடு மலிவு, கூடவே குடித்தனமும்

வங்கி ஏலத்தில் வீடு அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது என்று மச்சான் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. முன்பெல்லாம் நாளிதழில் பொடி எழுத்தில் வரும் அறிவிப்பைக் கண்ணாடி போட்டுத் தேடவேண்டும். இப்போது பொதுத்துறை வங்கிகளுக்கென்றே ‘பேங்க்நெட்’ தளம் இருக்கிறது. மாவட்டம், விலை என்று தட்டினால் போதும், ஊரார் பட்ட கடனெல்லாம் வரிசைகட்டி வந்து நிற்கும்.

எனக்குப் பிடித்த வீட்டுக்கு ஒரே ஒரு படம். கொடியில் ஈரத்துண்டு, வாசலில் அன்று காலை போட்ட கோலம். கீழே ‘அடையாள சுவாதீனம்’ என்று குறிப்பு. அதாவது, வங்கியிடம் இருப்பது காகிதம். சாவி, கோலம் போட்டவரிடம். கடன் வசூலுக்கான 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உதவியோடு காலி செய்ய வைக்கலாமாம். எப்போது என்று கேட்டேன். வங்கி அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார்.

பணத்தில் மட்டும் படு சுறுசுறுப்பு. ஏலம் கேட்பதற்கே ரிசர்வ் விலை எனும் தொடக்க விலையில் வழக்கமாக 10 சதவீதம் முன்வைப்பு. ஏலம் நம் பெயருக்கு முடிந்ததும் அதையும் சேர்த்து, நாம் கேட்ட விலையில் 25. மீதி 75-க்கு 15 நாள். வங்கி மனது வைத்தால் கொஞ்சம் நீட்டிப்பார்கள். தவறினால் கட்டியதும் போச்சு. சொத்துவரி பாக்கி, மின்கட்டண பாக்கி எல்லாம் ‘உள்ளது உள்ளபடி’ என்ற இரண்டே சொல்லில் நம் தலையில்.

தளத்தில் தேடுங்கள், தப்பில்லை. பணம் கட்டுமுன் ஒருநாள் விடியற்காலையில் அந்தத் தெருப்பக்கம் போய், வாசலில் கோலம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.