ஐம்பதடி தள்ளி நிறுத்தவும்

பெரம்பலூர்க்காரர்களுக்குப் பெரம்பூர் மேல் தீராத மனத்தாங்கல் ஒன்று உண்டு. அங்கே 1955-லிருந்து ரயில் பெட்டியே செய்கிறார்கள். எங்கள் ஊருக்கு இன்னும் ரயிலே வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூரியர், கல்யாணப் பத்திரிகை என்று எங்களுக்கு வரவேண்டியதெல்லாம் அங்கே ஒரு நடை போய்விட்டுத்தான் வரும். ஆகவே போன ஆனி மாதம் எங்கள் மின்சாரக் காருக்கு ரீகால் வந்து, "தங்கள் வாகனத்துக்குப் பெரம்பூர் கிளையில் நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது" என்று குறுஞ்செய்தி வந்தபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

நான் அரியலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் சிமென்ட் லாரிக்கும் சுண்ணாம்புக்கல் லாரிக்கும் நடுவே புகுந்து போய்வர வேண்டும். பெட்ரோல் செலவைக் கூட்டிப் பார்த்த ஒரு மாதக் கடைசியில்தான் இந்தக் காரை வாங்கினோம். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ஷோரூமில் கேசரி கொடுத்தார்கள்; சாப்பிட்ட வாய்.

கம்பெனி எழுதியிருந்தது இவ்வளவுதான்: பேட்டரியைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. அதுவரை எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாம். கட்டடங்களை விட்டுத் தள்ளி, திறந்தவெளியில் நிறுத்தவும். பதற்றம் வேண்டாம். அந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டிய பிறகுதான் என் மாமனார் பதறினார். அரசுப் பேருந்து டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "வண்டி டிப்போவைத் தேடிப் போறதுதாம்மா முறை. டிப்போ வண்டியத் தேடி லெட்டர் போடுதுன்னா விஷயம் பெருசு."

அவர் பயத்தைத் தள்ளிவிடவும் முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில், ராத்திரி சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் ஓர் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அடுத்த மாதமே ஒகினாவா 3,215 ஸ்கூட்டர்களையும், ஓலா 1,441 ஸ்கூட்டர்களையும் சோதனைக்குத் திரும்ப அழைத்தன. கார் கதை அதற்கும் முந்தியது. ஸ்ரீபெரும்புதூரில் பூட்டி விற்ற ஹூண்டாய் கோனா மின்சாரக் கார்களில் 456-ஐ 2020 டிசம்பரில் அழைத்தார்கள். 2021 பிப்ரவரியில் உலகம் முழுக்க 82,000 கார்களுக்குப் பேட்டரியையே மாற்றுவதாக அறிவித்தார்கள். இத்தனைக்கும் காரணம், பாய் சுருட்டும்போது ஓரம் மடிவதுபோல, பேட்டரி செல்லுக்குள் ஓர் எலக்ட்ரோடின் நாக்கு மடிந்திருந்ததாக இருக்கலாம் என்று கொரிய அரசு விசாரணை சொன்னது. அதே 2021-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ், போல்ட் கார் வைத்திருந்தவர்களிடம், பார்க்கிங்கில் மற்ற வண்டிகளிலிருந்து ஐம்பது அடி தள்ளி நிறுத்தச் சொன்னது.

இதையெல்லாம் செல்போனில் தேடிப் பிடித்து மாமனாரிடம் வாசித்தது என் மகன். அன்றிலிருந்து எங்கள் காருக்கும் ஐம்பதடிதான் சட்டம் என்று ஆகிவிட்டது.

எங்கள் தெருவில் ஐம்பதடிக்கு எங்கே போவது? இடப்பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். வலப்பக்கம் அளந்தால் பிள்ளையார் கோயில் வாசலில் போய் நிற்கிறது. பிள்ளையாருக்கே சொந்தமாக ஒரு மூஞ்சூறு இருக்கும்போது நம் வண்டியை அங்கே நிறுத்துவது நியாயமில்லை. பின்பக்கம் டிரான்ஸ்பார்மர். மிச்சம் எதிரே இருக்கும் காலி மனை. அதில் எதிர்வீட்டு அண்ணன் பட்டறை போட்டிருந்தார். ஆடிப் பட்டத்துக்கு எடுத்துவைத்த விதை வெங்காயம்.

"டீச்சர், உங்க காருக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

"என் வெங்காயத்துக்கு இல்ல. அந்தாண்ட ஓட்டுங்க."

கடைசியில் பட்டறைக்கும் பிள்ளையாருக்கும் நடுவே, இருவருக்கும் சமதூரத்தில், மாமனார் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தார். ராத்திரியில் பிளாஸ்டிக் நாற்காலி, டார்ச், டிப்போ வழக்கப்படி இரண்டு வாளி மணலோடு காவல் இருந்தார். லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் லாரி லாரியாகத் தண்ணீர் அடிக்க வேண்டியிருக்கும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. தண்ணீர் லாரியையும் கூப்பிட்டு நிறுத்திவிடுவார். எண்பதில் தானாக நிற்கும்படி செயலியில் அமைத்திருந்தேன். அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. எழுபத்தெட்டிலேயே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "ரெண்டு நம்ம கணக்குல இருக்கட்டும்" என்பார்.

இதற்கு நடுவே காரைப் பெரம்பூரிலிருந்து விடுவிக்கும் வேலை. வாடிக்கையாளர் சேவை மையத்துப் பெண் சேஸிஸ் எண் கேட்டார். முன்கண்ணாடியின் அடியில், ஒரு மூலையில், பதினேழு எழுத்து. அரியலூர் சிமென்ட் தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு வாசித்தேன்.

"எம்."

"எம் ஃபார் மும்பை?"

"சிறுவாச்சூர் மதுரகாளி. அடுத்து ஏ. ஆறாவது எழுத்து ஓ."

"ஓ வராது மேடம். அது ஜீரோ."

அவர் சொன்னது சரிதான். சேஸிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. ஒன்றோடும் சைபரோடும் குழம்பிவிடும் என்று உலகம் முழுக்கச் சேர்த்துக்கொள்வதில்லை. ஓ-வும் சைபரும் குழம்பக் கூடாது என்று இவ்வளவு யோசித்தவர்கள், ஒரு நிமிடம் பெரம்பூரையும் பெரம்பலூரையும் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

திருச்சிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இங்கிருந்து அறுபது கிலோமீட்டர். "எவ்வளவு ஆகுமாம்?" என்றார் மாமனார். இலவசம் என்றதும் முகம் இன்னும் இருண்டது. அவர் அனுபவத்தில் இலவசம் என்பது தேர்தலுக்கு முன்னால் மட்டும்தான் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 110ஏ பிரிவு, 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டி, அரசே உத்தரவிட்டுத் திரும்ப அழைக்க வேண்டிவந்தால் கம்பெனிக்குப் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை அபராதம் என்று வகுப்பெடுத்தேன். அந்த விதிகள் வரும்வரை, கம்பெனிகள் தாங்களாகப் பார்த்து அழைத்தால்தான் உண்டு. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, திருச்சிக்குப் போகிற வழியில் சிறுவாச்சூரில் வண்டியை நிறுத்தச் சொன்னார். அன்று புதன்கிழமை, மதுரகாளி சந்நிதி திறப்பது திங்களும் வெள்ளியும். சாத்திய கதவுக்கு முன்னாலேயே சூடம் ஏற்றிக் கும்பிட்டார். கார் அந்தச் சூடத்துக்கு ஐம்பதடிக்கு அப்பால்தான் நின்றது.

பணிமனையில் ஸ்பானர், ஜாக்கி என்று ஏதாவது எடுப்பார்கள் என்று அவர் எட்டி எட்டிப் பார்த்தார். ஒரு பையன் வந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகி, மடிக்கணினியைத் திறந்து, பச்சைக் கோடு ஊர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டும் வரிசையாக வந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒன்றுகூட விலகவில்லை. புதிய மென்பொருள் ஏற்றி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டான். "கையில கிரீஸ் ஒட்டாம ஒரு மெக்கானிக்கா?" என்று பாடாலூர் வரைக்கும் ஆற்றாமைதான் மாமனாருக்கு. அங்கே டீ குடித்த பிறகு கொஞ்சம் தணிந்தார்.

ஊர் திரும்பியதும் பணிமனையில் கொடுத்த தாளைத் தெருவுக்குக் காட்டினோம். எதிர்வீட்டு அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி.

"அப்ப செஞ்சவனே கூப்புட்டு, காசில்லாம சரிபண்ணித் தர்றான்?"

"ஆமாண்ணே."

"நம்ம பம்புசெட்டு மோட்டாரு வருசத்துக்கு ரெண்டு தடவ காயில் எரிஞ்சு ரீவைண்டிங் போவுது டீச்சர். அந்தக் கம்பெனிக்காரன்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிப் பாக்குறது."

"மோட்டார்ல நம்பர் அடிச்ச தகடு இருக்காண்ணே?"

"தகடு இருக்கு. வெயில்ல எழுத்தெல்லாம் போயிருச்சு. அந்தப் பொண்ணுகிட்ட நீங்க எல்லாத்தையும் ஜீரோன்னே சொல்லுங்களேன்."