மூன்றெழுத்து ஆயுதம்

ஆன்லைன் கடைப் பட்டியலில் எத்தனை லட்சம் சரக்கு இருந்தாலும் காவலுக்கு ஒரு விதி போதும்: 'இந்தச் சொல் இருந்தால் மறை.' சம்பளம் கேட்காது. டீ குடிக்கப் போகாது. யோசித்து நேரத்தை வீணாக்காது.

2018 பிப்ரவரியில் கூகுள் ஷாப்பிங் இதை அழகாக நிரூபித்தது. தேடலில் 'கன்' (gun, துப்பாக்கி) வந்தால் எதையும் காட்டாதே என்பது ஏற்பாடு. பசை ஒட்டும் குளூ கன் ஒழிந்தது. குழந்தைகளின் வாட்டர் கன் ஒழிந்தது. கன்ஸ் அண்ட் ரோஸஸ் இசைக்குழு கூண்டோடு தலைமறைவு.

பிரான்ஸின் பர்கண்டி (Burgundy) ஒயினும் சிக்கியது! அதன் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அந்த மூன்றெழுத்து பதுங்கியிருந்ததை, இத்தனை நூற்றாண்டாகக் குடித்த ஒருவராவது கவனித்தாரா? பிரெஞ்சுக்காரர்கள் பொல்லாதவர்கள்.

பிறகு விதியைத் திருத்தி ஒயினை விடுதலை செய்தார்கள். இத்தனைக்கும் நிஜத் துப்பாக்கியை அங்கே விற்க 2012-லேயே தடை.