புதுமாவட்2

தொண்ணூறுகளில் பெரம்பலூரில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் வந்துபோகும் எடைமேடை ஒன்றுக்கு அங்கேதான் பாக்ஸ்புரோவில் புரோகிராம் எழுதினோம். எழுதினோம் என்றால், அண்ணன் எழுதினார், நான் டீ வாங்கி வந்தேன்.

அந்தக் கால பாக்ஸ்புரோவில் ஒரு ஃபீல்டுக்குப் பத்து ஆங்கில எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாது. அண்ணனோ தமிழில்தான் யோசிப்பார். ‘வண்டிநோ’ அடங்கிவிட்டது. ‘டிரைவர்பெயர்’ பதினோரு எழுத்து. கடைசி எழுத்தை வெட்டியதும் திரையில் ‘டிரைவர்பேயா’ என்று நின்றது. எடைமேடைக்காரர் எட்டிப் பார்த்தார். “ராத்திரியில லோடு அடிக்கிறவங்கதானே, இருக்கட்டும்.” இருந்துவிட்டது.

பாடாய்ப் படுத்தியது மாவட்டம்தான். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. லாரி உரிமையாளர்களின் முகவரியில் அதை ஏற்றினோம். 2001 ஜனவரி 1 முதல் அரியலூர் தனி மாவட்டம். பழையதை அழிக்க மனம் வராத அண்ணன், பக்கத்திலேயே ‘புதுமாவட்டம்’ என்று ஒரு ஃபீல்டு திறந்தார். பத்து எழுத்தில் ‘புதுமாவட்ட்’. 2002 மார்ச் 31இல் அரியலூரைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். அண்ணன் அசையவில்லை. “விடுறா, மறுபடி பிரிப்பாங்க.” 2007 நவம்பர் 23இல் அவர் வாக்கு பலித்தது. ஆனால் அதற்குள் அந்த ஃபீல்டில் யாரோ பின்கோடு ஏற்றி வைத்திருந்தார்கள். கடைசி எழுத்தைத் தூக்கிவிட்டு 2 போட்டார், ‘புதுமாவட்2’ பிறந்தது. ஆர்டிஓ ஆபீஸ் பாடு தேவலை. அரியலூருக்கு டிஎன் 61 வந்தபோதும், ஓடிக்கொண்டிருந்த டிஎன் 46 வண்டிகளின் பலகையை யாரும் கழற்றச் சொல்லவில்லை.

இப்போது அதே எடைமேடையில் ஜாவா. தரவெல்லாம் எஸ்க்யூஎல் சர்வருக்குக் குடிபோனபோது, ‘வண்டிநோ’வில் ‘நோ’வின் முதலெழுத்தை யாரோ அழகுக்காகப் பெரிதாக்கியிருக்கிறார்கள். புது மென்பொருள் எழுதும் தம்பி பெங்களூரில் இருந்துவிட்டு வந்தவன். “எந்த ஃபீல்டுக்கு எந்தப் பேருன்னு எக்ஸ்எம்எல்ல வரி வரியா எழுதுனதெல்லாம் அந்தக் காலம்ணே. கிளாஸ்ல பேரு வச்சா போதும், டேபிள்ல எதுன்னு ஹைபர்னேட்டே கண்டுபிடிச்சுக்கும்.”

கண்டுபிடித்தது. கிளாஸில் இருந்த ‘வெஹிக்கிள்நம்பர்’ நடுவே அடிக்கோடு செருகி, ‘வெஹிக்கிள்_நம்பர்’ எங்கே என்று டேபிளைக் கேட்டது. அந்த டேபிள் ஜென்மத்தில் கேட்டிராத பெயர். சரி, வண்டிநோதான் என்று தம்பி தன் கைப்பட எழுதிக் கொடுத்தான். ஹைபர்னேட்டை ஏற்றி ஓட்டும் ஸ்பிரிங் பூட் அதையும் விடவில்லை. நடுவில் பெரிய எழுத்தைப் பார்த்ததும் ‘வண்டி_நோ’ என்று திருத்திக்கொண்டு போய்த் தேடியது. நம் பெயரை நமக்கே திருத்திச் சொல்லித் தருகிற கெட்டிக்காரத்தனம்! கொடுத்த பெயரைக் கொடுத்தபடி வைத்துக்கொள் என்று அமைப்பில் விதியை மாற்றிய பிறகே வண்டி நகர்ந்தது.

இன்று அந்த கிளாஸைத் திறந்தால் டிரைவர்நேம், டிஸ்ட்ரிக்ட் என்று எல்லாம் இஸ்திரி போட்ட ஆங்கிலம். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு வரி: டிரைவர்பேயா, புதுமாவட்2. ஒழிந்துபோன எக்ஸ்எம்எல்லை வரி வரியாக ஜாவாவிலேயே எழுதி முடித்தான் தம்பி.

‘சி3’ என்ற ஃபீல்டு மட்டும் எதோடும் பொருந்தவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டோம்.

“அது என்னத்துக்குன்னு எனக்கே ஞாபகம் இல்லப்பா. எடுத்துடாதீங்க, சீட்டு அடிக்காது.”